வில்லுக்கத்தியும் அரசாணையும்: ஸ்பானிய நவாகாவின் சமூக வரலாறு

வாளுக்கு வரலாறு உண்டு. அதனை ஏந்திய வீரரின் பெயரும், அதனை அடித்த கொல்லரின் ஊரும், அது சுழன்ற களமும் ஏடுகளிற் பதிவாகியுள்ளன. ஆனால் உழவனும், பொதிமாடு ஓட்டியவனும், மாலுமியும் இடுப்பிற் செருகித் திரிந்த மடிப்புக் கத்திக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அது மலிவானது. தேயும்வரை தீட்டப்பட்டு, தேய்ந்தபின் எறியப்பட்டது. அதனை வைத்திருந்தோருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். எனவே அதனைப் பற்றி எழுதும் பொறுப்பு மற்றையோரிடம் சேர்ந்தது. தடைச் சட்டம் இயற்றிய மன்னர், குற்றவாளியை விசாரித்த நீதிபதி, விந்தை தேடி வந்த அயல்நாட்டுப் பிரயாணி ஆகியோரே அதனைப் பற்றி எழுதியோர். இம்மூவருள் எவரும் அக்கத்தியால் ஒரு துண்டு பாண் வெட்டி உண்டவராகத் தெரியவில்லை.

இக்குறைபாட்டை மனத்திற் கொண்டே ஸ்பெயின் நாட்டின் 'நவாகா' என்னும் பெரிய மடிப்புக் கத்தியின் வரலாற்றை அணுகுதல் வேண்டும். நாட்டு மக்களின் அன்றாடக் கருவியாகவும், ஆட்சியாளரின் நீங்காத அச்சமாகவும் ஒருங்கே விளங்கிய பொருள்கள் உலக வரலாற்றில் அதிகமில்லை. நவாகா அவற்றுள் ஒன்று. ஒரே கத்தியை உடையவன் ஒருவிதமாகவும் ஆள்பவன் வேறொருவிதமாகவும் கண்டமைக்குக் காரணம் அக்கத்தியின் ஒரு சிறு உறுப்பு. அலகு விரிந்தபின் அதனை மடங்காது நிறுத்தும் பூட்டே அவ்வுறுப்பாகும்.

யாழ்ப்பாணத் தமிழில் மடிப்புக் கத்தியை வில்லுக்கத்தி என்பர். அலகினை இறுக்கிப் பிடிக்கும் எஃகு வில்லையே அப்பெயர் சுட்டுகின்றது. ஸ்பானிய மொழியிலும் இக்கத்தி 'நவாகா டி முவெல்யே', அதாவது வில்லுடைய நவாகா எனப்பட்டமை ஒரு சுவையான ஒற்றுமை. நவாகா என்ற சொல் சவரக்கத்தியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இன்றும் ஸ்பானிய மொழியில் அது சவரக்கத்தியையும் குறிக்கும். சவரக்கத்தி பிடிக்குள் மடங்குவதுபோல இதுவும் மடங்கியமையாற் பெயர் பரவிற்று எனலாம்.

மடிப்புக் கத்தி ஸ்பானியரின் கண்டுபிடிப்பன்று. ஒஸ்திரியாவின் ஹால்ஸ்டாற் புதைகுழிகளிற் கிடைத்த இரும்புக்காலக் கத்தியொன்று கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டளவினது. உரோமர் காலத்து மடிப்புக் கத்திகளும் ஐரோப்பாவெங்கும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இவற்றின் அமைப்பு மிக எளியது. பிடியின் பிளவினுள் அலகு கிடக்கும். ஒரே ஓர் ஆணி இரண்டையும் பிணைக்கும். விரித்த அலகை நிறுத்துவது ஆணியின் இறுக்கமும் பிடித்தவனின் உள்ளங்கையுமே. கடினமான பொருளைக் குத்தித் துளைக்க முயன்றால், அல்லது மரத்திற் சிக்கிய அலகைப் பிடுங்க முயன்றால், அது மடங்கி விரல்களின்மேல் விழும். இவ்வகைக் கத்தியால் வெட்டுண்ட விரல்கள் எத்தனை என்பதற்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை.

வில் இதற்குத் தீர்வாயிற்று. பிடியின் முதுகுப்புறத்திற் பொருத்தப்பட்ட எஃகுத் தகடு அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும். தகட்டின் நுனியில் ஒரு துளை. அலகின் அடியில் ஒரு பல். அலகு முழுதாக விரிந்ததும் பல் துளையினுள் விழுந்து மாட்டிக்கொள்ளும். மடிப்பதற்குத் தகட்டை உயர்த்த வேண்டும். அதற்கென ஒரு வளையமோ நெம்பியோ இருந்தது. பின்வந்த கொல்லர் அலகின் அடியில் ஒரு பல்லுக்குப் பதிலாகப் பல பற்களை வெட்டினர். விரிக்கும்போது ஒவ்வொரு பல்லும் துளையிற் பட்டுக் 'கடகட'வென ஒலித்தது. அந்த ஒலியால் அதற்குக் 'கராக்கா' என்ற பெயர் வந்தது. இவ்வோசை எந்தப் பயனுக்காக ஏற்பட்டது என்று பலர் வியந்துள்ளனர். எதிரியை அச்சுறுத்தவே என்பது பிரயாணிகளின் விளக்கம். ஆயினும் பல பற்கள் இருந்தால் அலகு பாதிவழியிலும் நிற்கும், தற்செயலாக மூடாது என்ற எளிய காரணம் கைத்தொழிலாளனுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

பிடி பெரும்பாலும் மாட்டுக்கொம்பினாலானது, சிலபோது மரம், பித்தளைத் தகடுகளால் முனைகள் காக்கப்பட்டன. பிடி சற்று வளைந்து நுனியில் ஒடுங்கும். மடித்தபோது ஒரு சாண் நீளமாகவும் விரித்தபோது அதன் இருமடங்காகவும் அமைந்தவை பொதுவழக்கில் இருந்தன. விளம்பரத்துக்கென முழங்கையிலும் நீண்டவற்றைச் செய்து கடைகளில் தொங்கவிட்டனர். வறியவன் வாங்கியதில் அலங்காரம் குறைவு. எஃகு மட்டும் எஃகாகவே இருந்தது.

இக்கத்தி ஏன் அந்நாட்டில் இத்துணைப் பரவிற்று? ஸ்பெயின் மலைகளால் துண்டுபட்ட நாடு. இருப்புப்பாதை வருமுன் சரக்குகள் பெரும்பாலும் கோவேறு கழுதைகளின் முதுகிலேயே சென்றன. வழியோரச் சத்திரங்களிற் கூரையும் தொழுவமும் கிடைக்கும். உணவு கிடைப்பது அரிது. உண்ணும் கருவிகள் கிடைப்பது அதனினும் அரிது. எனவே பிரயாணம் செய்பவன் தன் பாணையும் பாற்கட்டியையும் வெங்காயத்தையும் தானே சுமந்தான். அவற்றை வெட்டத் தன் கத்தியையும் சுமந்தான். அதே கத்தி கயிறு அறுத்தது, சேணத்தின் வாரைத் திருத்தியது, கழுதையின் குளம்பிற் சிக்கிய கல்லைக் கிண்டியது, திராட்சைக் கொடியை நறுக்கியது. திரித்த புகையிலையை அரிந்து தாளிற் சுருட்டும் வழக்கம் பரவியபின் நாளொன்றுக்குப் பலமுறை அது இடைக்கச்சிலிருந்து வெளிவந்தது. மடியாத கத்திக்கு உறை வேண்டும். உறையோடு தொங்குவது யாவர் கண்ணிலும் படும். மடித்த கத்தி கச்சையின் மடிப்பினுள் மறைந்து கிடந்தது. ஏழையின் வசதி இங்ஙனம் அரசின் ஐயமாக மாறியது.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, ஐந்தாம் பிலிப்பு மன்னன் காலத்தில், குறுங்கத்திகளுக்கெதிரான ஆணைகள் பிறந்துவிட்டன. ஆனால் இவ்வரலாற்றின் திருப்புமுனை 1761 ஆம் ஆண்டில் மூன்றாம் சார்ல்ஸ் பிறப்பித்த ஆணையே. கட்டாரி, முனையுள்ள கத்தி முதலியவற்றோடு, தட்டினால் விழும் வில்லோ இறுக்கும் வளையமோ உடைய நவாகாவையும் அது பெயர்சொல்லித் தடுத்தது. வரலாற்றாய்வாளனுக்கு இவ்வாசகம் இருவகையிற் பயன்படுகின்றது. ஒன்று, பூட்டுள்ள கத்தி அக்காலத்தில் மன்னனின் செவிக்கு எட்டும் அளவுக்குப் பரவியிருந்தது என்பதற்கு அதனைத் தடுத்த சட்டமே சான்றாகின்றது. மற்றையது, சட்டத்தின் கண் எங்கே பட்டது என்பது. எளிய ஆணிக் கத்தியை அது பொருட்படுத்தவில்லை. அலகு உறுதியாக நிற்கும் கத்தியையே சுட்டியது. விரல்களைக் காக்கவென அமைந்த உறுப்பு, சட்டத்தின் பார்வையில் குத்துவதற்கென அமைந்த உறுப்பாயிற்று.

அந்த ஆணையின் தண்டனைப் பகுதி இன்னும் தெளிவானது. தடுத்த ஆயுதத்துடன் பிடிபட்டவன் பிரபுவாயின் ஆறாண்டு கோட்டைச் சிறை. பாமரனாயின் அதே ஆறாண்டு சுரங்கம். அல்மடேன் இரசச் சுரங்கங்களிற் கைதிகள் வேலைவாங்கப்பட்ட காலம் அது. இரச ஆவியைச் சுவாசித்தோர் கைகால் நடுங்கி, பல் உதிர்ந்து மாண்டனர். 'அதே ஆறாண்டு' என்ற சொற்றொடரிலுள்ள சமத்துவத்தின் பொருள் இதுவே. இதே ஆணை, குதிரைமேற் செல்லும் பிரபுக்கள் சேணத்துப்பாக்கி வைத்திருக்க இடமளித்தது. துப்பாக்கி உயிரைக் கொல்லாதென்று மன்னன் கருதியிருக்க முடியாது. யார் கையில் இருப்பது என்பதே வினாவாக இருந்தது.

மக்களின் எதிர்வினையை அறிய ஐந்தாண்டு பொறுத்தாற் போதும். 1766 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மன்னனின் இத்தாலிய அமைச்சன் எஸ்கிலாச்சே, நீண்ட போர்வைச் சட்டையையும் அகன்ற தொப்பியையும் மட்ரிட் நகரில் தடுத்தான். அவை முகத்தையும் ஆயுதத்தையும் மறைக்கின்றன என்பது அவன் கூறிய காரணம். பாணின் விலை ஏறியிருந்த நேரம். ஆணையை ஒட்டிய சுவர்களிலிருந்தே கலகம் தொடங்கிற்று. அமைச்சனின் மாளிகை சூறையாடப்பட்டது; மன்னன் அரண்மனையை விட்டு அரன்ஹுவேஸுக்கு அகன்றான்; எஸ்கிலாச்சே நாட்டைவிட்டு அனுப்பப்பட்டான். இக்கலகத்தின் அடிக்காரணம் பாணா, போர்வையா, அரண்மனைச் சூழ்ச்சியா என அறிஞர் வாதிடுவர். பசித்தவனின் வயிற்றுக்கு வழிகாணாத அரசு அவனது போர்வைக்குள் என்ன இருக்கின்றது என்று தேடியபோது கலகம் மூண்டது என்பதில் ஐயமில்லை.

கத்தி மறையவில்லை. காஸ்டிலியாவின் தென்கிழக்கில், மட்ரிட்டிலிருந்து கீழைக் கடற்கரைக்குச் செல்லும் பாதையிலுள்ள அல்பசேற் நகரமும், அந்தலூசியாப் பாதையிலுள்ள சாந்த குரூஸ் டி முதேலாவும் கத்தித் தொழிலால் தொடர்ந்து வாழ்ந்தன. பிரான்சிய எழுத்தாளர் தெயோபில் கோத்தியே 1840 ஆம் ஆண்டிற் பிரயாணம் செய்தபோது இவ்விரு ஊர்களின் கத்திப் புகழ் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வண்டி நிற்குமிடத்தில் விற்பனையாளர் பிரயாணிகளைச் சூழ்வர். 1855 இல் இருப்புப்பாதை அல்பசேற்றை அடைந்தபின் அதே காட்சி புகையிரத மேடைக்கு மாறியது. இடுப்பைச் சுற்றிக் கத்திகளை வரிசையாகச் செருகி, பெட்டி யன்னல்தோறும் நீட்டி விற்ற மனிதன் அந்நகரின் அடையாளமானான். அவனுக்கு இன்று அங்கே நடுச்சதுக்கத்தில் ஒரு சிலையும் உண்டு.

1808 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் திகதி இக்கத்திக்கு வேறொரு பொருள் கிடைத்தது. நெப்போலியனின் படை மட்ரிட்டைப் பிடித்திருந்தது. அன்று காலை நகரமக்கள் கைக்குக் கிட்டியதை எடுத்துக்கொண்டு எழுந்தனர். அவர்களுட் பெரும்பாலோரிடம் துப்பாக்கி இல்லை. அரை நூற்றாண்டாகத் தடைசெய்யப்பட்டிருந்த கத்தி இருந்தது. எழுச்சி மாலைக்குள் அடக்கப்பட்டது. ஆயுதத்துடன் பிடிபட்ட அனைவரையும் சுட்டுக் கொல்லுமாறு தளபதி முரா ஆணையிட்டான். ஆயுதம் எது என்பதைப் படைவீரரே தீர்மானித்தனர். தையற்காரியான மனுவேலா மலசான்யா என்ற இளம்பெண் தொழிலுக்கு வைத்திருந்த கத்தரிக்கோலுக்காகக் கொல்லப்பட்டாள் என மரபுவழிச் செய்தி ஒன்று கூறும். அவள் இறந்த விதம் பற்றி வேறு கூற்றுகளும் உண்டு. ஆயினும் கத்தரிக்கோற் கதையே மக்கள் நினைவில் நிலைத்தது. 1814 இல் கோயா வரைந்த இரு பெரும் ஓவியங்களும் அந்நாளையும் அதனை அடுத்த வைகறையையும் காட்டுவன. முதலாவதிற் கத்தியேந்திய பாமரர் குதிரைப்படைமீது பாய்கின்றனர்; இரண்டாவதில் வெறுங்கையுடன் துப்பாக்கிகளின் முன் நிற்கின்றனர்.

போர் முடிந்தபின் தேசபக்தரின் கத்தி மறுபடியும் குற்றவாளியின் கத்தியானது. அக்குற்றங்கள் கற்பனையல்ல. சூதாட்டக் களங்களிலும் சிறைகளிலும் படைமுகாம்களிலும் 'பரத்தேரோ' எனப்பட்டோர் இருந்தனர். ஆட்டத்தில் வென்றவனிடமிருந்து ஒரு பங்கைக் கத்திமுனையில் வசூலிப்பது இவர்தம் பிழைப்பு. அப்பங்கு 'பராத்தோ' எனப்படும். அதே சொல் ஸ்பானிய மொழியில் மலிவு என்றும் பொருள்படும். மலிவான கத்தியும் மலிவான உயிரும் ஒரே சொல்லில் அடங்கியமை தற்செயலே எனினும் கருதத்தக்கது. 1849 இல் மட்ரிட்டில் பரத்தேரோவின் பெயரால் ஒரு கைந்நூல் வெளியாயிற்று. நவாகாவையும் கத்தியையும் ஜிப்சிகளின் கத்தரிக்கோலையும் கையாளும் கலையை அது படங்களுடன் கற்பித்தது; நிற்கும் நிலை, அடி வைக்கும் முறை, இடக்கையிற் போர்வையைச் சுற்றிக் கேடயமாக்கும் விதம் என்பன அதன் உள்ளடக்கம். வாட்போர் நூல்கள் பிரபுக்களுக்கென நூற்றாண்டுகளாக எழுதப்பட்டு வந்தன. பாமரனின் கருவிக்கும் ஓர் இலக்கணம் எழுந்தமை சமூக வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. ஆனால் பரத்தேரோ கொள்ளையடித்தது பெரும்பாலும் தன்னைப்போன்ற ஏழையையே என்பதை மறைத்து அவனை வீரனாக்குவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது.

அவனை வீரனாக்கியோர் அயல்நாட்டார். 1845 இல் வெளியான மெரிமேயின் 'கார்மென்', 1862 இல் ஓவியர் டோரேயுடன் நாடு சுற்றிய தவில்லியே பிரபுவின் பிரயாணக் கட்டுரைகள் ஆகியவற்றின் வழியாக, ஸ்பானியன் என்றாற் கத்தி, பெண் என்றால் காலுறையிற் சிறு கத்தி என்ற படிமம் ஐரோப்பாவிற் பரவிற்று. இவற்றுள் 'கார்மென்' ஒன்றை மட்டும் தன்னையறியாமற் பதிவுசெய்துள்ளது. தொழிற்சாலையிற் கார்மென் சக தொழிலாளியின் முகத்தைக் கீறுவது, சுருட்டின் நுனி வெட்டும் வேலைக் கத்தியாலேயே. கருவி ஆயுதமாவதற்கு அங்கே ஒரு கணமே தேவைப்பட்டது. ஆட்சியாளரின் அச்சத்திற்கு அடிப்படை இல்லாமலில்லை என்பதும் இதனாற் புலப்படும்.

இப்படிமம் வணிகத்துக்கு உதவியது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்பானியச் சந்தைக்கென நவாகாக்களைப் பெருந்தொகையாகச் செய்தது பிரான்சின் தியேர் நகரமாகும். மத்திய பிரான்சின் மலைச்சரிவில், துரோல் ஆற்றின் ஓட்டத்தால் இயங்கிய பட்டறைகளைக் கொண்ட ஊர் அது. அங்கு ஒரு கத்தி ஒருவனால் செய்யப்படுவதில்லை. ஒருவன் அலகை அடிப்பான். வேறொருவன் காய்ச்சித் தோய்ப்பான். இன்னொருவன் சாணை பிடிப்பான். கொம்பு சீவுவது ஒரு வீட்டில், பிடி பொருத்துவது மற்றொரு வீட்டில். பகுதிகள் தெருவழியே வீட்டுக்கு வீடு நடந்தன. விலை குறைந்தது இவ்வேலைப்பிரிவினையாலேயே.

சாணை பிடித்தோரின் நிலை தனித்துக் கூறத்தக்கது. அவர்கள் ஆற்றின்மேல் அமைந்த பலகைகளிற் குப்புறப் படுத்து, தலைக்குக் கீழே சுழலும் ஈரக்கல்லில் அலகுகளை அழுத்துவர். கல்லிலிருந்து தெறிக்கும் மஞ்சட் சேறு வயிற்றிற் படிந்ததால் 'மஞ்சள் வயிறர்' என்று பெயர் பெற்றனர். குளிர்காலத்தில் நாய்களைத் தம் கால்களின்மேற் படுக்கவைத்துச் சூடேற்றிக்கொண்டனர். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலும் இதே தொழில் இதனினும் கொடியதாயிருந்தது. அங்குள்ள மருத்துவர் நைட் என்பாரை ஆதாரங்காட்டி, உலர்ந்த கல்லிற் சாணை பிடிப்போர் 35 வயதைத் தாண்டுவது அரிது என்றும், ஈரக்கல்லிற் பிடிப்போர் 45 ஐத் தாண்டுவது அரிது என்றும் எங்கெல்ஸ் 1845 இல் எழுதினார். நுரையீரலிற் படிந்த கற்றூளே காரணம். கத்தியாற் குத்துண்டு இறந்தோர் பற்றி அரசுகள் சட்டம் இயற்றின. கத்தி செய்து இறந்தோர் பற்றிய சட்டங்கள் மிகப் பிந்தியே வந்தன.

ஐரோப்பாவிற் சந்தை நிறைந்தபின் கத்தி கடல் கடந்தது. 1902 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் சோலிங்கன் நகரில், ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விற்பதற்கென ஒரு மலிவான பெரிய மடிப்புக் கத்தி செய்யப்பட்டது. அதற்கு 'ஒகாப்பி' என்று பெயரிட்டனர். கொங்கோக் காடுகளில் வாழும் அவ்விலங்கினத்தை ஐரோப்பிய அறிவியல் அறிந்துகொண்டது முந்திய ஆண்டிலேதான். வணிகர் எத்துணை விரைவாகச் செய்தித்தாள் படித்தனர் என்பது தெரிகின்றது. மரப்பிடி, முதுகில் வில், வில்லை உயர்த்த வளையம், பல பற்கள் என ஒகாப்பியின் அமைப்பு முழுவதும் நவாகாவினுடையது. கொம்பும் பித்தளை வேலையும் மட்டும் நீங்கின.

இங்கு ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. ஸ்பெயினில் மன்னன் தன் குடிகளிடமிருந்து பறிக்க முயன்ற அதே பூட்டுக் கத்தியை, ஆபிரிக்காவில் ஆட்சியாளர் தம் குடிகளுக்கு விற்றனர். 1890 ஆம் ஆண்டின் பிரசல்ஸ் உடன்படிக்கை, ஆபிரிக்காவின் பெரும்பகுதிக்கு நவீன துப்பாக்கிகள் செல்வதை ஏற்கனவே கட்டுப்படுத்தியிருந்தது. இயந்திரத் துப்பாக்கி கைவசமுள்ளவனுக்குக் குடிமகனின் கத்தி அச்சந்தருவதாக இல்லை. அது இலாபந்தருவதாக இருந்தது. முதலாம் உலகப்போரின் பின் ஜேர்மனி தன் குடியேற்ற நாடுகளை இழந்தது. கத்தி நிலைத்துவிட்டது. தென்னாபிரிக்காவில் தோட்டத் தொழிலாளியின் கருவியாகவும் நகர்ப்புறக் கும்பல்களின் ஆயுதமாகவும் ஒருங்கே பெயரெடுத்தது. இனவொதுக்கல் அரசு 1968 இல் அபாயகரமான ஆயுதங்கள் பற்றிய சட்டத்தைக் கொணர்ந்தது. 1980களில் ஜேர்மனியில் உற்பத்தி முடிவுற, அது தென்னாபிரிக்காவுக்கே இடம்பெயர்ந்தது. கரிபியன் கடலின் ஜமேய்க்காவிலும் பற்களின் ஓசையால் 'ராச்செட்' என்ற பெயருடன் அது ஏழைக் குடியிருப்புகளின் கத்தியாக வழங்கிற்று. கராக்கா என்ற பெயருக்கு வித்திட்ட அதே ஓசை அது.

தியேர் நகரும் வாளாவிருக்கவில்லை. 1929 இல் பசிபிக் தீவுகளுக்கென அங்கு 'டூக் டூக்' என்னும் கத்தி உருவாயிற்று. பிடி ஒரே தகட்டை மடித்துச் செய்தது. மெலனேசிய ஆவியுருவொன்று அதிற் பொறிக்கப்பட்டது. அவ்வுருவத்தை வரைந்தவர் தீவுகளைக் கண்டவரல்லர். அகராதிப் படமொன்றே அவருக்கு மூலம். அக்கத்தி அல்ஜீரியாவில் மிகுதியாக விற்பனையானது. 1954 முதல் 1962 வரை நடந்த விடுதலைப் போரில், பிரான்சில் செய்து பிரான்சியர் விற்ற அக்கத்தி பிரான்சியருக்கெதிராகவும் பயன்பட்டது.

இவ்வரலாற்றோடு ஒப்பிடத்தக்க மற்றொரு மலிவான கத்தி அதே பிரான்சின் சவோய் மலைநாட்டிற் பிறந்தது. கொல்லன் மகனான யோசப் ஒப்பினெல் 1890 இல் அதனை உருவாக்கினார். பீச் மரப்பிடி, கரியெஃகு அலகு, ஓர் ஆணி. வில் இல்லை, பூட்டும் இல்லை. 1897 இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் அது வெளிவந்தது. பெரியதான 12 ஆம் எண்ணின் அலகு 12 செ.மீ. நீளமானது. இடையன், கொடித்தோட்டக்காரன், புகையிரதத் தொழிலாளி ஆகியோர் அதனை வாங்கினர். அது மடங்கி விரலை வெட்டுவது குறித்த கவலை நெடுநாள் இருந்தது. 1955 இல் மார்செல் ஒப்பினெல், பிடியின் கழுத்திற் சுழலும் ஒரு வளையத்தை அமைத்தார். வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. 1761 ஆம் ஆண்டின் ஸ்பானிய ஆணை தடுத்த 'இறுக்கும் வளையம்' பாதுகாப்புச் சாதனம் என்ற பெயருடன் மறுபிறவி எடுத்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளியில், வேறொரு நாட்டில், வெள்ளை உழவனின் கையில் அது எவரையும் அச்சுறுத்தவில்லை. பிற்காலத்தில் அது அழகிய வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாக அருங்காட்சியகங்களிலும் இடம்பெற்றது.

எனினும் சட்டத்தின் பழைய கண் மூடிவிடவில்லை. பிரித்தானியாவின் 1988 ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், அலகு 3 அங்குலத்தை மீறாத மடிப்புக் கத்தியைக் காரணமின்றியே பொதுவிடத்தில் வைத்திருக்க அனுமதித்தது. அலகு பூட்டிக்கொள்ளுமாயின் அது மடிப்புக் கத்தியே அன்று என்று நீதிமன்றம் 1990களின் தொடக்கத்தில் விளக்கமளித்தது; 1998 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. பொத்தானை அழுத்தியபின்னரே மடிவதால் அது மடியாத கத்திக்குச் சமம் என்பது வாதம். கத்திக்குத்துகளால் இளைஞர் மாண்டுவந்த நாட்டில் நீதிபதிகள் இங்ஙனம் தீர்மானித்தமை விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனால் அத்தீர்ப்பின்படி சட்டைப்பையில் அனுமதிக்கப்படுவது விரலின்மேல் மடியக்கூடிய கத்தி. காரணங்காட்ட வேண்டியது மடியாமல் நிற்கும் கத்தி. மூன்றாம் சார்ல்ஸின் எழுத்தர் இத்தீர்ப்பை வாசித்திருந்தால் வியப்படைந்திருக்கமாட்டார்.

ஸ்பெயினில் 1993 ஆம் ஆண்டின் ஆயுத ஒழுங்குவிதி வேறொரு அளவுகோலை எடுத்தது. பொத்தானால் தானே விரியும் நவாகாக்கள் முற்றாகத் தடுக்கப்பட்டன. ஏனையவற்றில் அலகு 11 செ.மீ. ஐ மீறலாகாது, பிடியின் விளிம்பிலிருந்து நுனிவரை அளக்க வேண்டும் என்று விதி விவரமாகக் கூறுகின்றது. அதனினும் நீண்டவற்றை அலங்காரமாகவும் சேகரிப்பாகவும் வீட்டில் வைத்திருக்கலாம். கழுதையோட்டிகள் இன்றில்லை, சத்திரங்களில் முள்ளும் கரண்டியும் கிடைக்கின்றன. 2004 இல் அல்பசேற்றிற் கத்தி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சுரங்கத்துக்குப் பாமரரை அனுப்பிய பெரிய கராக்காக்கள் அங்கே கண்ணாடிப் பேழைகளுக்குள், முழுதாக விரிக்கப்பட்டு, பூட்டிய நிலையில் வைக்கப்பட்டுள்ளன.